எண்ணெய் குடித்த பத்திரம்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்தில் சனோபர் என்ற பெயருக்கு மாலை நான்கு மணி டோக்கன் போடப்பட்டிருந்தது. மேலகரத்தில் அவள் வாங்கவிருந்த வீட்டின் கிரய ஒப்பந்தக் கெடுவும் அன்றோடு முடிந்தது.

மதியம் ஒன்றரை மணிக்கு அவள் அங்கே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடையின் மாடியில், அகிலாண்டேஸ்வரியின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அகிலாண்டேஸ்வரிக்கு ஐம்பது வயது. சொத்து வாங்குகிறவர்களுக்காக அந்தச் சொத்தின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்ப்பது தொழில். வாசலில் 'துப்பறியும் நிறுவனம்' என்று பலகை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, புருஷனைப் பின்தொடர வேண்டும், மருமகளை வேவு பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களைப் படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். உதவியாளன் விஜய்பாண்டிக்கு அதில் தீராத வருத்தம்.

"அந்த மாதிரி கேஸ் எடுத்தா லாட்ஜு, ஓட்டல்னு நாலு எடம் பாக்கலாம். இங்க வில்லங்கச் சான்று வாசிச்சே எனக்குத் தலை நரைச்சுட்டு."

"வாய மூடுலே," என்றார் அகிலாண்டேஸ்வரி. பிறகு சனோபரைப் பார்த்தார். "வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு. பட்டா சரி. வாரிசுச் சான்றும் சரி, ஒரே மகன். எல்லாம் ஒழுங்கா இருக்கு. அசல் பத்திரம் மட்டும் இல்ல."

அதுதான் சனோபரை நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத விஷயம். வீட்டை விற்கிற ஷாரோன், தாய்ப்பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு குற்றாலத்தில் குளிக்கப் போனதாகவும், கூட்டத்தில் பை போய்விட்டதாகவும் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். தேடியும் கிடைக்கவில்லை என்று சான்றிதழும் வாங்கிவிட்டான். பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்துவிட்டான். சட்டப்படி அது போதும். அசல் இல்லாமலே பதியலாம்.

"குத்தாலத்துல செயின் போகும், துண்டு போகும்," என்றான் விஜய்பாண்டி. "பல்செட்ட விட்டுட்டுத் தேடுனவரக்கூட பாத்திருக்கேன். பத்திரத்தோட குளிக்கப் போனவன இப்பத்தான் பாக்கேன். சோப்பு போட்டுத் தேச்சிருப்பானோ?"

சனோபருக்குச் சிரிப்பு வரவில்லை. கடையநல்லூரில் உம்மாவின் வீட்டை விற்று, தன் நகையையும் விற்று, எல்லாவற்றையும் முன்பணமாக ஷாரோனிடம் கொடுத்தாயிற்று. இப்போது அவளும் உம்மா ஹைருன் பீவியும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சவுதியில், தம்மாமில் இருக்கும் கணவன் அனுப்பிய மீதித்தொகை வரைவோலையாக அவள் கைப்பையில் இருந்தது. இது போனால் அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.

"இன்னிக்குப் பதியலன்னா அட்வான்ஸ் போயிரும்க்கா. ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. பதிஞ்சா?"

"அசல் எவன் கையிலயாவது இருந்தா, நாளைக்கு உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். கோர்ட்டுக்குப் போவான். நீயும் கூடவே போகணும்."

"அப்போ எந்தப் பக்கம் கால வச்சாலும் குழிதான்."

அகிலாண்டேஸ்வரி, சனோபர் கொண்டுவந்த காகிதங்களில் ஒன்றை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அசல் பத்திரத்தின் செராக்ஸ் அது. முதல் பக்கம்.

"இத யாரு குடுத்தா?"

"மீரான் மாமா வாங்கிட்டு வந்தாங்க. உம்மா கூடப் பொறந்த தம்பி. சித்திரையில ஒப்பந்தம் போடும்போது, அசலப் பாக்காம பணம் குடுக்க மாட்டேன்னு எங்க வீட்டுக்காரங்க போன்ல சொல்லிட்டாங்க. அசல் பேங்க் லாக்கர்ல இருக்கு, இப்போதைக்கு செராக்ஸ் பாத்துக்கோங்கன்னு ஷாரோன் குடுத்தாராம். இந்த வீட்டக் காட்டுனதே மாமாதான். இப்பக்கூட ஷாரோன் எங்கயும் போயிராம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கூட உக்காந்திருக்காங்க."

"இந்த வீட்ட வாங்குனது ஷாரோனோட அப்பா, சாமுவேல் வாத்தியார். அவருக்குப் பொறவு மகன். இந்தப் பத்திரம் வேற எந்த வீட்டுக்கும் போனதில்ல. அப்படித்தான?"

"ஆமாக்கா."

"கிறிஸ்தவக் குடும்பம்."

"ஆமா."

"அப்போ இது என்ன?"

பக்கத்தின் உச்சியில், முத்திரைக்குப் பக்கத்தில், வரிசையாக மூன்று கறுப்பு வட்டங்கள். சட்டைப் பித்தான் அளவு. சனோபர் அதை எத்தனையோ தடவை பார்த்திருந்தாள்.

"மெசின் அழுக்குன்னு நெனச்சேன்."

"மெசின் அழுக்குன்னா எல்லாப் பக்கத்துலயும் அதே எடத்துல விழும். இது முதப் பக்கத்துல மட்டும் இருக்கு. குங்குமம் செராக்ஸ்ல கறுப்பாத்தான் விழும்."

விஜய்பாண்டி எட்டிப் பார்த்தான். "பத்திரம் எழுதுனவரு வச்சிருப்பாரு. நம்ம எழுத்தருங்க செவ்வாக்கெழம ஆனா பேனாவுக்கே பொட்டு வைப்பாவ."

"எழுதுனவன் ஒரு தடவ வைப்பான். இது மூணு. ஒண்ணு மங்கிப் போயிருக்கு, ஒண்ணு கொஞ்சம் தெளிவு, ஒண்ணு நல்ல கறுப்பு. ஒரே நாள்ல வச்சதா இது?"

விஜய்பாண்டி மூன்று வட்டங்களையும் விரலால் எண்ணினான். "ஆயுத பூசை," என்றான்.

"மூணு ஆயுத பூசை. சர்ச்சுக்குப் போற வீட்டுப் பத்திரம் மூணு வருசமா எவனோ ஒருத்தனோட சாமி படத்துக்குக் கீழ இருந்திருக்கு. அடகு. பதியாம, எழுதாம, கையில குடுத்துக் காசு வாங்குன அடகு. அதான் வில்லங்கச் சான்றுல வரல."

சனோபர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது.

"யாருட்டன்னு எப்படிக்கா கண்டுபிடிக்க?"

அகிலாண்டேஸ்வரியின் விரல் பக்கத்தின் கீழ்மூலைக்கு நகர்ந்தது. அங்கே எழுத்துகளுக்கு ஊடே ஒரு வட்ட முத்திரை மங்கலாகத் தெரிந்தது. இடம் வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல.

"இது பின்பக்கத்துல குத்துன சீல். முன்பக்கம் எப்படித் தெரியுது?"

"வடை மடிச்ச பேப்பர் மாதிரி," என்றான் விஜய்பாண்டி. "எண்ணெய் ஏறுனா பின்னால உள்ளது தெரியும். அப்போ வடைக்கடை."

"ஷாரோன் என்ன தொழில் பாக்கான்?" என்று சனோபரிடம் கேட்டார் அகிலாண்டேஸ்வரி.

"குத்தாலத்துல சீசன் கடை. நேந்திரம் சிப்ஸ்."

"தீந்துது போங்க," என்றான் விஜய்பாண்டி. "அவன் கை எண்ணெயாத்தான் இருக்கும். அவனே தொட்டிருப்பான்."

"அவன் கையில எண்ணெய் இருக்கும். பொட்டு இருக்காது. ரெண்டும் சேந்து ஒரு எடத்துல இருக்கணும். குத்தாலத்துல கடை போடுதவன் கடனுக்குத் தென்காசி வரைக்குமா வருவான்? பக்கத்துக் கடையிலதான் கை நீட்டுவான்." அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "மசாஜ் எண்ணெய் விக்கிற கடை. வண்டிய எடுலே. சனோபர், நீயும் வா. எங்க போறோம்னு ஒருத்தருட்டயும் சொல்லாத. மாமாட்டயும் சேத்துத்தான் சொல்லுதேன்."

"மாமா எதுக்கு…"

"பக்கத்துல ஷாரோன் இருக்கான்லா? காதுல விழுந்துரும். இன்னொண்ணு, நாலு மணிக்கு நீ ஆபீஸ்ல நிக்கணும். டோக்கன் கூப்பிடும்போது நீ இல்லன்னா, வாங்க வராதவ நீதான்னு ஆயிரும். அதுக்குப் பொறவு எந்தக் கோர்ட்டுலயும் உனக்கு அட்வான்ஸ் வாங்கித் தர முடியாது."

விஜய்பாண்டியின் பழைய ஆம்னி வேன் மேலகரம் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டிகள். சாரல் கண்ணாடியில் மணல்போல் விழுந்துகொண்டிருந்தது. வேன் நின்ற இடத்துக்கு வலப்புறம் இரண்டாவது தெருவில்தான் அந்த வீடு. போன மாதம் உம்மாவைக் கூட்டிவந்து காட்டியபோது, உம்மா அடுக்களையில் நின்று, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அந்த ஜன்னல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

போன் அடித்தது. மீரான் மாமா.

"எங்கனம்மா இருக்க? ஷாரோன் காத்துக் காத்துச் சடையுதான்."

"பேங்குல மாமா. கூட்டம்."

"சீக்கிரம் வா. கெடுவத் தாண்ட விட்டுராத. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

மாமாவிடம் சனோபர் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வெள்ளம் இறங்கக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் கடைவீதியில் நின்றது. ரம்புட்டான் குவியல்களுக்கும் பொம்மைக் கடைகளுக்கும் நடுவே வேனை ஒரு சந்தில் சொருகிவிட்டு நடந்தார்கள். எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு சாமி படம், ஊதுபத்தி. பொட்டும் எண்ணெயும் இல்லாத கடை ஒன்றுகூட இல்லை.

சனோபர் அப்படியே நின்றுவிட்டாள். "இத்தன கடையிலயும் போயி, எங்க பத்திரம் உங்கட்ட இருக்கான்னா கேக்கப் போறோம்?"

"கேட்டா சொல்ல மாட்டான்," என்றார் அகிலாண்டேஸ்வரி. "கேக்கக் கூடாது. குடுக்கணும்."

முதல் கடைக்குப் போய், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணாச்சி, ஷாரோன் வட்டி குடுத்துவிட்டாரு."

கடைக்காரர் நிமிர்ந்தார். "எந்த ஷாரோன்?"

"மன்னிச்சுக்கோங்க, கடை மாறிட்டு."

இரண்டாவது கடையிலும் மூன்றாவது கடையிலும் அதே கேள்வி. நான்காவது கடைக்காரர் வட்டியைக் காதில் வாங்கவே இல்லை. விஜய்பாண்டியின் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இந்த மூலிகை எண்ணெய ஒரு மண்டலம் தேச்சா இங்கன முடி வரும்."

"அண்ணாச்சி தலையில எப்போ வரும்?" என்றான் அவன். கடைக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு கையை எடுத்துவிட்டார்.

அடுத்த கடை வளைவில் இருந்தது. அறுபது வயதிருக்கும் ஒருவர் குனிந்து பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டிருந்தார். அகிலாண்டேஸ்வரி அதே வாக்கியத்தைச் சொன்னார். அவர் தலையைத் தூக்கவில்லை. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"எத்தன மாசத்துக்குக் குடுத்துவிட்டான்?"

விஜய்பாண்டி சனோபரைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாசத்துக்கும் இல்ல அண்ணாச்சி," என்றார் அகிலாண்டேஸ்வரி. "உங்க பேரு?"

"அய்யாக்குட்டி. நீங்க யாரு?"

"ஷாரோன் உங்கட்ட வச்ச பத்திரம் அருவியில போயிட்டுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்து சர்ட்டிபிகேட் வாங்கிட்டான். இன்னிக்கு நாலு மணிக்கு வீட்ட இந்தப் பிள்ளைக்கு எழுதிக் குடுக்கான்."

"சும்மா இருங்க. பத்திரம் இங்கல்லா இருக்கு."

"அப்போ உங்க கையில இருக்கது பொட்டு வச்ச காயிதம்."

அய்யாக்குட்டி கொஞ்ச நேரம் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, முருகன் படத்துக்குக் கீழே இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். துணியில் சுற்றிய கட்டு. பிரித்ததும் நல்லெண்ணெய் வாசம் வந்தது. முதல் தாளின் கீழ்மூலை தேன் நிறத்தில் கண்ணாடியாகியிருந்தது. உச்சியில் மூன்று குங்குமப் பொட்டு.

"ஆயுத பூசைக்குப் பெட்டியில உள்ள எல்லாத்துக்கும் வச்சிருவேன்," என்றார், தப்பு செய்துவிட்டவர்போல. "நம்ம கையில இருக்க மட்டும் நம்ம பொருள்தான?"

சனோபர் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுத்தது. மூன்று மாதமாக அவள் பார்க்கக் காத்திருந்த அசல். கண்ணில் பட்ட அன்றைக்கே வீடு கை நழுவிப் போயிற்று.

"அண்ணாச்சி," என்றார் அகிலாண்டேஸ்வரி, "சித்திரையில இத செராக்ஸ் எடுக்கக் குடுத்தீங்கள்லா?"

"ஆமா. எதுத்தாப்ல உள்ள கடையிலதான் எடுத்தாவ. நானும் கூட நின்னேன். வீட்டுக்கு ஆள் வந்திருக்கு, வித்ததும் முதல்ல உங்க பாக்கிதான்னு சொன்னாவ."

"ஷாரோனா சொன்னான்?"

"அவன் வரல. அவனுக்காகப் பேச வந்தவரு. கடையநல்லூர்க்காரரு, மீரான் பாய். முகம்மது மீரான்."

கூட்டத்தில் எங்கேயோ ஒரு குழந்தை பலூனுக்காக அழுதது. தன் காதில் விழுந்தது சரிதானா என்று கேட்கச் சனோபர் திரும்பினாள். அகிலாண்டேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் கேள்வி மாறியது.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமாக்கா?"

"சந்தேகம். ஷாரோன் குடுத்த செராக்ஸா இருந்தா அது அடகு வைக்கும் முன்ன எடுத்ததா இருக்கும். பொட்டு இருக்காது. இது மூணாவது பொட்டுக்குப் பொறவு எடுத்தது. எடுக்கணும்னா பத்திரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். கொண்டுவந்தது உன் மாமா."

போன் அடித்தது. திரையில் மாமா என்று வந்தது. ஐந்தாறு தடவை அடிக்கவிட்டு எடுத்தாள்.

"எங்கனம்மா இருக்க? இன்னுமா பேங்குல?"

"இல்ல மாமா. குத்தாலத்துல. அய்யாக்குட்டி அண்ணாச்சி கடையில."

மறுமுனையில் அலுவலகச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு போன் வைக்கப்பட்டது.

அய்யாக்குட்டி சீசன் நேரத்தில் கடையைச் சாத்துவது அதுதான் முதல் தடவை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வேனின் பின் சீட்டில் அய்யாக்குட்டி பத்திரக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலகரத்தில் மறுபடி வண்டிகள் நின்றன. மணி மூன்றரையைத் தாண்டியது. சனோபர் அந்த இரண்டாவது தெருவைப் பார்க்காமல் முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகையே பார்த்தாள். மாமா ஓடியிருப்பாரா? ஷாரோனையும் கிளப்பிக்கொண்டு போயிருப்பாரா? தான் நாலு மணிக்குள் போகாவிட்டால் அவர்கள் ஓடவே வேண்டியதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"வண்டி போகாது," என்றாள். "நான் எறங்கி நடக்கட்டுமா?"

விஜய்பாண்டி ஸ்டியரிங்கை ஒடித்து, பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்தான். பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. இலஞ்சிப் பக்கமாகச் சுற்றிப் போனார்கள்.

டோக்கன் எண்ணை இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவள் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

ஷாரோன் அங்கேயே இருந்தான். மாமாவும் இருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆள் வந்தாச்சா? பதியலாமா?" என்று கேட்டபடி ஷாரோன் எழுந்தான். பின்னால் வந்த அய்யாக்குட்டியைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தான்.

"ஏலே ஷாரோன்," என்றார் அய்யாக்குட்டி, கட்டை நீட்டி. "அருவியில போன பத்திரம் எங்க கடைக்கு நீந்தி வந்துட்டு."

சார்பதிவாளர் கட்டை வாங்கி, பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "அசல் இருக்கும்போது, காணாமப்போன சான்ற வச்சு நான் பதிய முடியாது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வராண்டாவுக்கு வந்ததும் ஷாரோன் குரலை உயர்த்தினான். "கெடு இன்னிக்கோட முடியுது. கிரயம் நடக்கல. அட்வான்ஸ் எனக்கு."

அகிலாண்டேஸ்வரி ஒப்பந்தத்தை விரித்தார். "சொத்துல வில்லங்கம் எதுவும் இல்ல, இருந்தா சொந்தப் பொறுப்புல தீத்துக் குடுப்பேன்னு மூணாம் பக்கத்துல நீதான் கையெழுத்துப் போட்டிருக்க. கெடுவுக்குள்ள, பணத்தோட, டோக்கன் போட்டு வந்து நிக்கது அவ. தவறுனது நீ. அவ டோக்கன் இன்னிக்குக் கணக்குல ஏறியிருக்கு. அது போதும்."

சனோபர் அதைக் கேட்கவில்லை. மாமா தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் தொப்பியை மடித்து வைத்திருந்தார்.

"ஏன் மாமா?"

"எனக்கும் அவன்ட்ட கடன் பாக்கி நிக்கி. நான் குடுத்த காசும் வீடு வித்தாத்தான் வரும். அய்யாக்குட்டிக்குக் குடுத்தா மிச்சம் ஒண்ணும் வராது." அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "வீடு உனக்கு வந்துருக்கும்லா. கேஸ் வந்தா பாத்துக்கலாம்னு இருந்தேன். நான் இல்லாமலா போயிருவேன்?"

"உம்மாட்ட நீங்களே சொல்லுங்க."

"சனோபரு…"

"நான் சொல்ல மாட்டேன்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். கடையநல்லூர் பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை.

அன்று பத்திரம் பதியப்படவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருவதாக ஷாரோன் எழுதிக் கொடுத்தான், தரவில்லை. சனோபர் தொடுத்த வழக்கு தென்காசியில் நடந்து வருகிறது. அசல் பத்திரம் நீதிமன்றத்தில் இருக்கிறது. சனோபரும் ஹைருன் பீவியும் கடையநல்லூரில் அதே வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.